உடைத்தால் காசு, உழைத்தால் சேவை

சில வாரங்களுக்கு முன் கடலூர் மஞ்சக்குப்பத்தில் நடந்த நூல் வெளியீட்டுக் கூட்டம் ஒன்றுக்குச் சென்றிருந்தோம். ஓய்வுபெற்ற வேதியியல் பேராசிரியர் ஒருவர் வாழ்த்துரை வழங்கினார். பேச்சு நூலை விட்டு விலகி, அவர் பணியாற்றிய காலத்துக்குச் சென்றது. தம்மிடம் பயின்ற ஆய்வு மாணவர்கள் கரைசல் தயாரித்தார்கள், கண்ணாடிக் கலங்களைக் கழுவினார்கள், இளங்கலை வகுப்புகளை மேற்பார்த்தார்கள், தேர்வு நாட்களில் இரவு பத்து மணிவரை துறையிலேயே இருந்தார்கள், ஒரு காசு கேட்டதில்லை என்று நெகிழ்ந்தார். "அது ஒரு தவம்" என்று முடித்தார். அரங்கம் கைதட்டியது. நாமும் தட்டினோம்.

அந்தக் கைதட்டலுக்கு வருந்தியே இதை எழுதுகிறோம். கூட்டத்துக்கு நாற்காலி அடுக்கியவர், சிதம்பரத்துப் பக்கத்திலிருந்து வந்திருந்த முதுகலை வேதியியல் மாணவர். நல்ல வாசகர். நன்றியுரைக்கு முன்பே எழுந்து போய்விட்டார். காரணம் பிறகுதான் தெரிந்தது. அன்றிரவு ஒரு திருமண மண்டபத்தில் பந்தி பரிமாறும் வேலை. முகூர்த்த மாதங்களில் வாரத்துக்கு இரண்டு மூன்று இரவுகள் அவருக்கு அப்படித்தான் போகின்றன. காலையில் ஆய்வகத்தில் ஊதியமின்றி முதலாண்டு மாணவர்களுக்கு டைட்ரேஷன் சொல்லித் தருகிறார். இரவில் கூலிக்குச் சாம்பார் வாளி தூக்குகிறார். பரிமாறுவது இழிவான தொழில் அல்ல. ஆனால் இவர் கற்ற வித்தைக்கு ஒரு மணி நேரக் கூலிகூடத் தராத இடம் இவர் படிக்கும் துறை ஒன்றுதான். இது தவமா? யாருடைய தவம்?

ஒரு கல்லூரி வேதியியல் துறையில் அன்றாடம் என்னென்ன வேலைகள் நடக்கின்றன என்பதை இலக்கிய வாசகர்களுக்குச் சொல்லியாக வேண்டும். பிற்பகலில் அறுபது மாணவர்கள் ஆய்வகத்தில் நுழைகிறார்கள் என்றால், அதற்கு முன்பே பெர்மாங்கனேட் கரைசல் தயாராகி ஒருநாள் ஓய்வில் இருந்திருக்க வேண்டும். ஆக்சாலிக் அமிலத்தை நான்காம் தசம இடம்வரை எடைபோட்டுக் கரைத்திருக்க வேண்டும். ஸ்டார்ச் கரைசல் அன்றே காய்ச்சியதாக இருக்க வேண்டும்; பழையது நீலம் காட்டாது. உப்புப் பகுப்பாய்வுக்கான பொட்டலங்களை எண்ணிட்டு, எந்த எண்ணில் எந்த உப்பு என்பதைத் தனியே குறித்து வைக்க வேண்டும். கிப் கருவியில் இரும்பு சல்பைடு தீர்ந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். வகுப்பு முடிந்ததும் பியூரெட்டுகளைக் கழுவித் தலைகீழாக மாட்ட வேண்டும். வெள்ளி நைட்ரேட் எச்சத்தைத் தொட்டியில் கொட்டாமல் தனியே சேர்க்க வேண்டும். ஸ்டாக் ரிஜிஸ்டரில் வரவு செலவு எழுத வேண்டும். இவ்வளவும் நடந்த பிறகுதான் பேராசிரியர் வந்து வருகைப்பதிவு எடுக்கிறார்.

இவற்றைச் செய்ய லேப் அட்டெண்டர் என்றொரு பணியிடம் உண்டு. பல துறைகளில் அப்பணியிடம் ஓய்வுபெற்றவரோடு சேர்ந்து ஓய்வுபெற்றுவிட்டது. மிச்சமிருக்கும் ஒருவர் மூன்று ஆய்வகங்களுக்கும் ஓடுகிறார். அவரால் முடியாததை முதுகலை மாணவர்களும் ஆய்வு மாணவர்களும் செய்கிறார்கள். இதற்குப் பெயர் ஊதியம் அல்ல, உதவித்தொகை அல்ல, 'ஹெல்ப்'. "தம்பி, கொஞ்சம் ஹெல்ப் பண்ணுப்பா." நம்மில் இருவர் வேதியியல் பயின்றவர்கள். இந்த வாக்கியத்தை ஐந்தாண்டுகள் கேட்டவர்கள். ஆசிரியர் வீட்டு மின்கட்டணம் கட்டியதும், அவர் பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்துவந்ததும் இதே வாக்கியத்தின் கீழ்தான் நடந்தன.

இதே துறையில் மாணவனுக்கும் நிறுவனத்துக்கும் இடையே பணம் கைமாறும் இடம் ஒன்று உண்டு. அதன் பெயர் பிரேக்கேஜ். ஒரு பிப்பெட்டை உடைத்தால் பேர் எழுதப்படும். ஆண்டிறுதியில் கணக்குப் பார்த்து வசூலிக்கப்படும். கட்டாதவருக்கு நோ டியூ சான்று கிடையாது. நூறு பிப்பெட்டுகளை ஓராண்டு உடையாமல் கழுவி வைத்தவரைப் பற்றி எந்தப் பதிவேட்டிலும் ஒரு வரி இராது. உடைத்ததற்கு விலை போடத் தெரிந்த ஒரு நிறுவனம், உழைத்ததற்கு விலை போட மட்டும் தெரியாதது போல் நடிப்பதை எத்தனை தலைமுறைக்குத் தவம் என்று சொல்லிக்கொண்டிருப்பது?

தவவாதிகள் உடனே குருகுலத்தையும் விஞ்ஞான வரலாற்றையும் துணைக்கு அழைப்பார்கள். நாமும் அங்கேயே போவோம். லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஹம்ப்ரி டேவியிடம் 1813 மார்ச் மாதம் ஒரு புத்தகப் பைண்டிங் தொழிலாளி வேலைக்குச் சேர்ந்தார். பெயர் மைக்கேல் ஃபாரடே. வேலை, ஆய்வக உதவியாளர். கலம் கழுவுவதும் அதில் அடக்கம். ஆனால் அவருக்கு வாரத்துக்கு 25 ஷில்லிங் ஊதியமும், தங்க இரண்டு அறைகளும், கணப்புக்குக் கரியும், மெழுகுவர்த்தியும் தரப்பட்டன. அதே ஆண்டு இறுதியில் டேவி ஐரோப்பியப் பயணம் கிளம்பியபோது அவருடைய பணியாள் வர மறுக்க, ஃபாரடே அந்த வேலையையும் சேர்த்துப் பார்க்க நேர்ந்தது. டேவியின் மனைவி அவரை வேலைக்காரனாகவே நடத்தினார். ஃபாரடே மனம் கசந்தது அந்த இடத்தில்தான். உழைக்க அவர் தயங்கவில்லை. ஆய்வக வேலை வீட்டு வேலையாக மாறியதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. நம் தவவாதிகள் ஃபாரடே கழுவிய கலங்களை நினைவில் வைத்திருக்கிறார்கள். 25 ஷில்லிங்கை மறந்துவிடுகிறார்கள்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால் வத்திராயிருப்புக்கு வாருங்கள். அங்கே பிறந்த கே. எஸ். கிருஷ்ணன், பின்னாளில் ராமனோடு இணைந்து 1928இல் ஒளிச்சிதறல் ஆய்வில் பணியாற்றியவர், பட்டப்படிப்பு முடித்ததும் பார்த்த முதல் வேலை வேதியியல் டெமான்ஸ்ட்ரேட்டர். அந்நாட்களில் மதிய உணவு இடைவேளையில் அவர் நடத்திய உரையாடல்களுக்குப் பிற கல்லூரி மாணவர்களும் வந்து கூடினார்கள் என்று அவருடைய வாழ்க்கை வரலாறு சொல்கிறது. டெமான்ஸ்ட்ரேட்டர் என்பது சம்பளமுள்ள பணி. படித்து முடித்த கையோடு, ஆசிரியராகும் முன்பு, ஆய்வக மேசையருகே நின்று இளையவர்களுக்குக் கைப்பழக்கம் சொல்லித் தரும் வேலை. இன்று நம் கல்லூரிகளில் மேலே உதவிப் பேராசிரியர், கீழே அட்டெண்டர். நடுவிலிருந்த படி காணாமல் போய்விட்டது. வேலை போகவில்லை, சம்பளம்தான் போயிற்று.

பிரபுல்ல சந்திர ராயையும் சிலர் மேற்கோள் காட்டுவார்கள். தாம் பெற்ற சம்பளத்தையே கல்கத்தாவின் அறிவியல் கல்லூரிக்கு விட்டுக்கொடுத்தவர் என்று. உண்மைதான். தியாகம் செய்தவர் பேராசிரியர் என்பதைக் கவனிக்க வேண்டும். அவர் தம் சம்பளத்தைத் தந்தார், மாணவர்களின் உழைப்பை எடுத்துக்கொள்ளவில்லை. வங்காள இளைஞர்கள் வேதியியல் படித்துவிட்டுக் குமாஸ்தா வேலைக்கு வரிசையில் நிற்பதைச் சகியாமல்தான் அவர் பெங்கால் கெமிக்கல் நிறுவனத்தையும் தொடங்கினார். வேதியியல் கற்றவனுக்கு வேதியியலில் வேலை வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். நம்முடையதும் அதுதான்.

சிதம்பரத்துக்கு வருவோம். 1920இல் ராஜா அண்ணாமலைச் செட்டியார் தொடங்கிய ஸ்ரீ மீனாட்சி கல்லூரியிலிருந்து 1929இல் உருவானது அண்ணாமலைப் பல்கலைக்கழகம். அதன் வேதியியல் துறைக்குப் பெருமைமிக்க மரபு உண்டு. 1948இல் நோலரும் வி. பாலையாவும் வெளியிட்ட பிப்பெரிடோன் தயாரிப்பு முறை இன்றும் உலக ஆய்விதழ்களில் மேற்கோளாகிறது. அந்தப் பாலையா பின்னர் அண்ணாமலைநகரில் ஓர் ஆய்வு மரபையே வளர்த்தார். ஒரு கீட்டோன், பென்சால்டிஹைடு, அமோனியம் அசிடேட் என்று தொடங்கும் அந்த வினை எத்தனையோ முனைவர் பட்டங்களுக்கு முதல் பக்கம். ஒவ்வொரு முறையும் அந்தக் குடுவையைச் சூடாக்கியவை, வடிகட்டியவை, மறுபடிகமாக்கியவை மாணவர் கைகள். அந்தக் கைகளுக்கு நாடு என்ன கொடுத்தது?

நெட் தேர்வில் இளநிலை ஆய்வு நிதி பெற்றவர்களுக்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். அவர்கள் சிலர். நெட் இல்லாத முனைவர் பட்ட ஆய்வாளருக்கு மாதம் 8,000 ரூபாய் என்றொரு திட்டம் உண்டு, ஆனால் அது மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கானது. அதையும் நிறுத்தப் பார்த்தபோதுதான் 2015இல் தில்லியில் மாணவர்கள் யுஜிசி அலுவலகத்தின் முன் அமர்ந்தார்கள். மாநிலப் பல்கலைக்கழகத்திலும் அதன் இணைப்புக் கல்லூரிகளிலும் ஆய்வு செய்யும் பெரும்பாலோர் இந்த இரண்டு வட்டங்களுக்கும் வெளியே நிற்பவர்கள். முதுகலை, இளங்கலை மாணவர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அரசுப் பள்ளியில் படித்த மாணவியருக்கு 2022இலும் மாணவருக்கு 2024இலும் மாதம் 1,000 ரூபாய் தரும் திட்டங்களைத் தமிழக அரசு தொடங்கியபோது, மாணவர் கையில் காசு இருக்க வேண்டும் என்ற எளிய உண்மையை அரசே ஒப்புக்கொண்டது. அரசுக்குப் புரிந்தது துறைகளுக்குப் புரியவில்லை.

இன்னொரு வேடிக்கை. இதே ஊரில் ஊதியமின்றி 'ஹெல்ப்' செய்த மாணவர் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் முனைவர் பட்டத்துக்குச் சேருகிறார். அங்கேயும் முதலாண்டு மாணவர்களுக்கு டைட்ரேஷன்தான் சொல்லித் தருகிறார். அங்கே அவருக்கு டீச்சிங் அசிஸ்டெண்ட் என்று பெயர். கல்விக் கட்டணம் தள்ளுபடி, மாதச் சம்பளம். இளங்கலை மாணவர்கள்கூடத் துறையின் ஸ்டாக்ரூமில் மணிக்கணக்கில் வேலை பார்த்துச் சம்பாதிக்கிறார்கள். ஏழை மாணவர்களுக்கு வளாகத்திலேயே வேலை தருவதற்கென்று 1964இல் சட்டம் இயற்றிய நாடு அது. அமெரிக்காவைக் கொண்டாடுவது நம் நோக்கமன்று. அங்கே மாணவர் தலையில் ஏறும் கல்விக்கடன் நமக்குத் தெரியும். இந்தியாவிலேயே, மகாராஷ்டிரத்தில், கர்மவீர் பாவுராவ் பாட்டீலின் பெயரால் புனே பல்கலைக்கழகம் 'சம்பாதித்துக்கொண்டே படி' திட்டத்தை நடத்துகிறது. ஆகவே இது மேலைநாட்டு மோகம் என்று யாரும் தப்பித்துக்கொள்ள முடியாது.

ஊதியமற்ற வேலையில் இன்னொரு நஞ்சு உண்டு. அதைச் சொல்லத் தயங்கக் கூடாது. சம்பளம் இல்லாத இடத்தில் விதி இல்லை. விதி இல்லாத இடத்தில் பழக்கம் ஆளும். நம் ஊரில் பழக்கம் என்றால் என்னவென்று நமக்குத் தெரியும். யார் கழுவுவது, யார் எடைபோடுவது, யார் கருவியின் முன் உட்காருவது என்பதை எந்தச் சுற்றறிக்கையும் தீர்மானிப்பதில்லை. ஊரில் யார் எதைச் செய்தார்களோ அதன் நிழல் ஆய்வகத்திலும் விழுகிறது. மேசை துடைப்பது பெண்களுக்கு, ஸ்பெக்ட்ரம் எடுப்பது ஆண்களுக்கு என்று பிரித்துவைத்த துறையை நாம் கண்ணால் கண்டிருக்கிறோம். வேலையை எழுதி, மணியைக் குறித்து, கூலியை நிர்ணயித்து, பெயர்ப்பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் இந்த நிழல் ஒரேயடியாக மறையாது. ஆனால் கேள்வி கேட்க ஒரு காகிதம் கிடைக்கும். மேலும், பையன்கள் இரவில் பந்திக்கும் பெட்ரோல் பங்க்குக்கும் போகலாம். இருட்டுவதற்குள் பேருந்து பிடித்து வீடு சேர வேண்டிய மாணவி எங்கே போவாள்? பகலில், வளாகத்துக்குள், படிப்போடு ஒட்டிய வேலை ஒன்றுதான் அவளுக்குத் திறக்கக்கூடிய கதவு.

இனி ஆற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பேருந்து சிப்காட்டைக் கடந்துதான் போகிறது. கண்ணை மூடிக்கொண்டு பயணம் செய்பவருக்கும் அந்த இடம் மூக்கில் தெரியும். 1980களிலிருந்து அங்கே பூச்சிக்கொல்லி, மருந்துப்பொருள், சாய ஆலைகள் உப்பனாற்றின் ஓரத்தில் நிற்கின்றன. குடிகாடு, ஈச்சங்காடு முதலிய ஊர்மக்கள் அழுகிய முட்டை வாடையைப் பற்றி முறையிட்டு ஓய்ந்தபின், 2004இல் தாங்களே பயிற்சி பெற்று, ஒரு வாளிக்குள் பை பொருத்திய எளிய கருவியால் காற்றைப் பிடித்து, பரிசோதனைக்கு அமெரிக்காவில் உள்ள ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். இருபதுக்கும் மேற்பட்ட ரசாயனங்கள் அதில் தெரியவந்தன. 2021 மே 13 அன்று அங்கே ஒரு பூச்சிக்கொல்லி ஆலையில் நேர்ந்த விபத்தில் நால்வர் மாண்டனர். 2025 மே மாதம் சாயக்கழிவுநீர்த் தொட்டி ஒன்று வெடித்துக் குடிகாட்டு வீடுகளுக்குள் கழிவுநீர் புகுந்தது.

காற்றில் கலந்த நுண்ணளவு ரசாயனங்களைப் பிரித்தறியும் கருவி எல்லாக் கல்லூரிகளிலும் இராது. அதற்காக யாரையும் குறைகூறவில்லை. ஆனால் தண்ணீருக்கு என்ன? நீரின் கடினத்தன்மையை ஈடிடிஏ கொண்டு அளப்பது, குளோரைடை வெள்ளி நைட்ரேட்டால் அளப்பது, கரைந்துள்ள ஆக்சிஜனை விங்க்ளர் முறையில் அளப்பது, இவையெல்லாம் இளங்கலை மாணவர் தேர்வுக்காகச் செய்யும் பயிற்சிகள். ஒவ்வோர் ஆண்டும் விடை முன்பே தெரிந்த ஒரு கரைசலை அளந்து, விடைக்கேற்ப அளவீட்டைத் திருத்தி எழுதி, மதிப்பெண் வாங்கி, தொட்டியில் கொட்டுகிறார்கள். சில கிலோமீட்டர் தொலைவில் விடை தெரியாத நீர் ஓடிக்கொண்டிருக்கிறது. கடலூரிலும் சிதம்பரத்திலும் உள்ள கல்லூரிகளின் மாணவர்களில் ஐந்து ஐந்து பேரைக் கூலிக்கு அமர்த்தி, மாதம் இருமுறை அந்தச் சாலையோர ஊர்களின் ஆழ்குழாய்க் கிணறுகளில் நீரெடுத்து அளந்து ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதி வைக்கச் செய்தால், பத்தாண்டில் இந்த மாவட்டத்திடம் ஓர் ஆவணம் இருக்கும். இதைச் 'சேவை' என்று ஒருநாள் முகாமாக நடத்தினால் படம் எடுத்துக்கொள்ளலாம், ஆவணம் கிடைக்காது. தொடர்ந்து செய்யப்பட வேண்டிய எந்த வேலையும் கூலி இல்லாமல் தொடராது.

எதிர்வாதங்களைப் பார்ப்போம்.

பணம் இல்லை என்பார்கள். பத்து மாணவர்கள், வாரத்துக்குப் பத்து மணி நேரம், மணிக்கு 100 ரூபாய் என்றால் மாதத்துக்கு 40,000 ரூபாய். கல்வியாண்டின் பத்து மாதங்களுக்கு 4 லட்சம். அறிவியல் துறைகளின் கட்டமைப்புக்கு நிதி தரும் மத்திய அரசின் ஃபிஸ்ட் திட்டம் 2000ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. அவ்வகை நிதிகளில் வாங்கிய கருவிகள் எத்தனை துறைகளில் இயக்க ஆளின்றித் துணி போர்த்திக் கிடக்கின்றன என்பது உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியும். கருவிக்குப் பணம் உண்டு, அதன் முன் உட்காரும் பிள்ளைக்கு இல்லை என்பது வறுமை அன்று, மனம்.

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ஊழியர் மிகுதியால் நிதி நெருக்கடி வந்து, 2013இல் அரசே சட்டமியற்றி ஏற்றுக்கொண்டு, ஆயிரக்கணக்கானோரை வேறு அலுவலகங்களுக்கு அனுப்ப வேண்டியதாயிற்றே, மறுபடியும் ஆள் சேர்ப்பதா என்று கேட்பார்கள். நாம் கேட்பது நிரந்தரப் பணியிடம் அன்று. படிக்கும் காலத்துக்கு மட்டும் உரிய, மணிக்கணக்கு வேலை. படிப்பு முடிந்தால் வேலையும் முடியும். அந்த நெருக்கடியிலிருந்து கற்க வேண்டிய பாடம், தேவையைக் கணக்கிடாமல் ஆள் சேர்க்கக் கூடாது என்பதுதான். செய்த வேலைக்குக் கூலி கொடுக்கக் கூடாது என்பது அதில் எங்கும் இல்லை.

மூன்றாவது எதிர்வாதம் இடதுசாரி நண்பர்களிடமிருந்து வருவது. நாம் மதிப்பதும் அதைத்தான். நிரந்தர விரிவுரையாளருக்குப் பதிலாகக் கௌரவ விரிவுரையாளர் வந்தது போல, நிரந்தர அட்டெண்டருக்குப் பதிலாக மாணவக் கூலி வந்துவிடாதா? வரக்கூடும். ஆகவே நிபந்தனைகள் வேண்டும். அனுமதிக்கப்பட்ட பணியிடம் காலியாக இருக்கும் வரை அந்த வேலைக்கு மாணவரை அமர்த்தக் கூடாது. வாரத்துக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கூடாது. அரசு அறிவிக்கும் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போகக் கூடாது. கண்ணாடியும் கையுறையும் முதலுதவிப் பயிற்சியும் இல்லாமல் அமிலப் பாட்டிலைத் தொடவிடக் கூடாது. வழிகாட்டியின் கீழ் அவருடைய ஆய்வு மாணவரே கூலி வேலை பார்க்கக் கூடாது. வேலையைத் துறை தர வேண்டும், தனிமனிதர் தரக் கூடாது. ஒன்றை மட்டும் அந்த நண்பர்கள் மறக்க வேண்டாம். ஊதியமற்ற 'ஹெல்ப்' இன்றே அட்டெண்டரின் பணியிடத்தைத் தின்றுகொண்டுதான் இருக்கிறது. இலவசமாக ஆள் கிடைக்கும்வரை எந்த நிர்வாகமும் காலியிடத்தை நிரப்பாது. கூலி கொடுக்கவேண்டி வந்தால்தான் நிரந்தரப் பணியிடத்தின் நினைவே வரும்.

மொழியையும் சேர்த்துக்கொள்ளலாம். தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து வரும் முதல் தலைமுறை மாணவர், ஆங்கிலச் செய்முறை ஏட்டின் முன் திகைத்து நிற்கும் முதல் மாதத்தில், மேல்வகுப்பு மாணவர் ஒருவர் அருகில் நின்று தமிழில் சொன்னால் போதும், பிழைத்துக்கொள்வார். இது நன்றாகச் செய்யப்பட வேண்டிய, ஊதியத்துக்குரிய வேலை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர் சுவாமி விபுலானந்தர் அறிவியல் பட்டதாரி என்பதைத் தமிழ்த்துறைகள் விழா எடுக்கும்போது சொல்கின்றன. அதன் பொருளை வேதியியல் துறைகளும் யோசிக்கலாம்.

கடைசியாக நம்மிடம், அதாவது இலக்கியவாதிகளிடம். இந்தத் தவப் பேச்சுக்குக் கைதட்டியது வேதியியல் துறை அல்ல, நாம்தான். புதுமைப்பித்தன் பிறந்த திருப்பாதிரிப்புலியூரும் ஜெயகாந்தன் பிறந்த மஞ்சக்குப்பமும் அடுத்தடுத்து இருக்கும் ஊரில் உட்கார்ந்துகொண்டு, உழைப்பவனின் கூலியைப் பற்றிய பேச்சை உரைநடைக்குள் கொண்டுவந்தவர்களின் படங்களுக்குக் கீழே நின்றுகொண்டு கைதட்டினோம். பசித்த மாணவன் நமக்கு ஒரு நல்ல பாத்திரம். அவன் தெருவிளக்கில் படிக்க வேண்டும், பழைய சோறு உண்ண வேண்டும், பின்னாளில் பெரியவனாகி ஆசிரியரின் காலில் விழ வேண்டும். நடுவில் அவன் "மணிக்கு எவ்வளவு தருவீர்கள்?" என்று கேட்டுவிட்டால் நமக்குக் கதை கெட்டுவிடுகிறது. கெடட்டும்.

இந்தப் பக்கங்களை வாசிப்பவர்களில் கல்லூரி ஆசிரியர்கள் பலர் உண்டு என்பதை அறிவோம். அவர்களிடம் கேட்பது ஒன்றே. உங்கள் துறையில் பிரேக்கேஜ் பதிவேட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு பதிவேடு வையுங்கள். முதலில் கூலி எழுத வேண்டாம். யார், எந்த நாள், எத்தனை மணி நேரம், என்ன வேலை என்று மட்டும் ஒரு பருவம் முழுவதும் எழுதுங்கள். பருவ இறுதியில் மணிகளைக் கூட்டிப் பாருங்கள். அந்தத் தொகையைக் கண்டபிறகும் அதைத் தவம் என்று அழைக்க உங்களுக்கு மனம் வந்தால், அடுத்த கூட்டத்தில் நீங்களே வந்து பேசுங்கள். நாங்கள் கைதட்ட மாட்டோம்.